168 டாலரும் மூணுல ரெண்டு பங்கும்

வருஷா வருஷம் அக்டோபர்ல கவுண்டி (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) ஆபீஸ்ல இருந்து ஒரு கவர் வரும். ப்ராப்பர்டி டேக்ஸ் பில். மொத தவணை டிசம்பர் 10க்குள்ள, ரெண்டாவது ஏப்ரல் 10க்குள்ள, ஒரு நாள் லேட்டானாலும் நூத்துக்கு பத்து அபராதம். நெறைய பேர் கீழ இருக்கற டோட்டலை மட்டும் பாத்துட்டு "அடப்பாவி"னு சொல்லிட்டு கட்டிருவாங்க, நானும் மொத ரெண்டு வருஷம் அப்படித்தான் இருந்தேன், அப்புறம் ஒரு தடவை உக்காந்து வரி வரியா படிச்சேன் பாருங்க, அன்னிக்குத்தான் எனக்கு கலிஃபோர்னியா கொஞ்சம் புரிய ஆரம்பிச்சுது. மேல வீட்டு மதிப்புல ஒரு சதவீதம். அதுக்குக் கீழ ஸ்கூல் பாண்ட், காலேஜ் பாண்ட், அதாவது கட்டடத்துக்கு வாங்கின கடனை அடைக்கறதுக்கு. அதுக்கும் கீழ தனித்தனியா சில்லறை ஐட்டம்: கொசு ஒழிப்புக்கு சில டாலர், சாக்கடைக்கு இவ்வளவு, சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவோட சதுப்பு நிலத்தை மீட்க 12 டாலர் (2016ல ஒம்போது கவுண்டி மக்கள் ஓட்டுப் போட்டு ஒத்துக்கிட்டது, 20 வருஷத்துக்கு). அந்தச் சில்லறை வரிசையிலதான் ஸ்கூல் பார்சல் டேக்ஸ்னு ஒண்ணு இருக்கும் (பார்சல்னா வரிக் கணக்குல ஒரு மனை). எங்க ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்ல (ஊர் ஸ்கூல்களை நடத்தற உள்ளூர் அமைப்பு) அதுக்குப் பக்கத்துல இன்னொண்ணு வந்திருக்கணும், 168 டாலர். வரல. அது வராமப் போன கதையத்தான் எழுத உக்காந்திருக்கேன்.

கொசுவுக்கும் கொக்குக்கும் ஓட்டுப் போட்ட மக்கள் ஸ்கூலுக்குப் போடலையானு கேட்டா, போட்டாங்க. நூத்துக்கு அறுபது பேருக்கு மேலயே யெஸ் போட்டாங்க. ஆனாலும் தோத்துப்போச்சு. எப்படின்னு சொல்றேன்.

எனக்கு 2019லதான் சிட்டிசன்ஷிப் வந்துது. மொத ஓட்டு 2020 மார்ச். ஊர்ல ஓட்டுன்னா ஒரு சின்னம், ஒரு பட்டன், விரல்ல மை, முடிஞ்சுது. இங்க ஒரு பெரிய தாளும் அதோட ஒரு புத்தகமும் அனுப்பறாங்க. ஜனாதிபதியில ஆரம்பிச்சு தண்ணி வாரியம் வரைக்கும் ஆள் தேர்ந்தெடுக்கணும், அதுக்கப்புறம் சட்டத்துக்கே நாமதான் ஓட்டுப் போடணும். ஒவ்வொரு ப்ராப்புக்கும் (ப்ராபொசிஷன், மக்கள் நேரா ஓட்டுப் போட்டு முடிவு பண்ற சட்டம்) ஆதரவா ஒரு வாதம், எதிர்ப்பா ஒரு வாதம், அந்த வாதத்துக்கு மறுப்பு, மறுப்பெல்லாம் பெரிய எழுத்துல கத்தற மாதிரி. பட்டிமன்றத்தை அச்சடிச்சு வீட்டுக்கு அனுப்பி, நடுவரும் நீயே தீர்ப்பும் நீயேன்னு சொன்ன மாதிரி இருக்கும்.

அந்த மார்ச் ஓட்டுலதான் எதிர்வீட்டு அங்கிள் எனக்கு மொதமொதல்ல அரசியல் விஷயமா ஃபோன் பண்ணாரு. அவர் 1981ல செமிகண்டக்டர் கம்பெனி ஒண்ணுக்கு இஞ்சினியரா வந்தவர், சொந்த ஊர் மன்னார்குடி பக்கம், ரிட்டயர் ஆகி பத்து பன்னெண்டு வருஷம் ஆச்சு. "தம்பி, ப்ராப் 13ஐ எடுக்கப் போறாங்களாமே, பாத்தீங்களா?"ன்னாரு, குரல்ல ஒரு நடுக்கம். நான் தாளை எடுத்துப் பாத்தேன். ப்ராப் 13ன்னுதான் போட்டிருந்துது. ஆனா அது வேற 13. ஸ்கூல் கட்டடங்களுக்கு மாநிலம் 1,500 கோடி டாலர் கடன் வாங்கறதுக்கான பாண்ட். நம்பர் வரிசையா சுத்தி சுத்தி வர்றதுல அந்த வருஷம் 13 ஸ்கூல் பாண்ட் தலையில விழுந்துருச்சு. அவர் பயந்தது 1978ல வந்த ப்ராப் 13க்கு. நான் விளக்கிச் சொன்னேன், "சரி சரி"ன்னாரு, ஆனா எதுக்கும் இருக்கட்டும்னு நோ போட்டதா பின்னாடி ஆன்ட்டி சொன்னாங்க. அந்த பாண்ட் 53க்கு 47ன்னு தோத்துச்சு. நம்பர் குழப்பத்தால மட்டும்னு சொல்ல மாட்டேன், ஆனா எங்க தெருவுல ஒரு நோ நம்பரால விழுந்துதுன்னு எனக்குத் தெரியும்.

இந்த 1978 சமாச்சாரத்தைச் சொல்லாம மேல போக முடியாது, கொஞ்சம் பொறுத்துக்கங்க. எழுபதுகள்ல இங்க வீட்டு விலை ஏணி வெச்சு ஏறுச்சு. விலை ஏற ஏற வரியும் ஏறும், ஆனா வீட்டுல உக்காந்திருக்கற ரிட்டயர்ட் ஆளோட கைக்காசு ஏறாது. வீட்டை வித்தாத்தான் வரி கட்ட முடியும்னு நிலைமை. மாநில கஜானாவுல உபரியா கோடிக் கோடியா பணம் சும்மா கிடக்குது, மக்கள் இங்க கொதிக்கறாங்க. ஹோவர்ட் ஜார்விஸ், பால் கேன்னு ரெண்டு பேர் கையெழுத்து வாங்கி ப்ராப் 13ஐ ஓட்டுக்குக் கொண்டு வந்தாங்க, 1978 ஜூன் 6ம் தேதி கிட்டத்தட்ட 65 சதவீதம் வாங்கி ஜெயிச்சுது. அது சொன்னது இதுதான்: வரி வீட்டு மதிப்புல ஒரு சதவீதத்துக்கு மேல போகக்கூடாது, அந்த மதிப்பு வருஷத்துக்கு ரெண்டு சதவீதத்துக்கு மேல ஏறக்கூடாது, வீடு கை மாறினா மட்டும்தான் மார்க்கெட் விலைக்கு மறுபடி மதிப்புப் போடணும். அதோட சைலன்ட்டா இன்னொண்ணு, ஒரு குறிப்பிட்ட காரியத்துக்குன்னு உள்ளூர்ல தனி வரி போடணும்னா மூணுல ரெண்டு பங்கு ஓட்டு வேணும். அந்த ஒரு வருஷத்துலயே ப்ராப்பர்டி டேக்ஸ் வசூல் பாதிக்கு மேல விழுந்துருச்சு. ஸ்கூல்தான் அந்த வரிய நம்பி இருந்துது.

இப்ப எங்க தெருவுக்கு வாங்க. அங்கிள் வீடு 1984ல 1,40,000 டாலருக்கு வாங்கினது. என் வீடு 2014ல 9 லட்சம். ரெண்டும் ஒரே பில்டர் ஒரே வருஷம் ஒரே ப்ளான்ல கட்டின வீடு, எனக்கு கராஜ் இடது பக்கம் அவருக்கு வலது பக்கம், அவ்வளவுதான் வித்தியாசம். 2020ல கணக்குப் போட்டா, ரெண்டு ரெண்டு சதவீதமா ஏறி ஏறி அவர் வீட்டு மதிப்பு 2,85,000 சொச்சம், வரி 2,850 டாலர் மாதிரி. எனக்கு 10 லட்சத்து சொச்சம், வரி 10,000க்கு மேல. எப்படித் தெரியும்னா, கவுண்டி சைட்ல அட்ரஸ் போட்டா யார் வீட்டு மதிப்பையும் பாக்கலாம். ஒரு ராத்திரி பதினோரு மணிக்கு எல்லாரும் தூங்கினப்புறம் பாத்தேன். அடுத்தவன் சம்பள ஸ்லிப்பைப் பாத்த மாதிரி ஒரு கூச்சம், அப்புறம் ஒரு எரிச்சல், மறுநாள் காலையில அங்கிள் குப்பைத் தொட்டிய உருட்டிட்டு வந்து "குட் மார்னிங் தம்பி"ன்னப்ப எனக்கு சரியா சிரிக்க வரல.

சரி, ஸ்கூலுக்கு வர்றேன். 78க்கு முன்னாடி எல்லாம் சொர்க்கமா இருந்துதுன்னும் நினைக்காதீங்க. அப்ப ஒவ்வொரு ஊரும் தன் வீட்டு வரியில தன் ஸ்கூலை நடத்திக்கும், அதனால பணக்கார ஊர்னா பணக்கார ஸ்கூல். 1968-69 கணக்குப்படி பெவர்லி ஹில்ஸ் ஒரு பிள்ளைக்கு 1,232 டாலர் செலவு பண்ணுச்சு, அதே லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில பால்ட்வின் பார்க் 577 டாலர். இதுல கொடுமை என்னன்னா பால்ட்வின் பார்க் ஜனங்கதான் அதிக வரி விகிதம் கட்டினாங்க, நூறு டாலர் மதிப்புக்கு 5.48, பெவர்லி ஹில்ஸ்ல 2.38. கம்மியா கட்டினவன் பிள்ளைக்கு ரெண்டு மடங்கு. இதை எதிர்த்துத்தான் செரானோ வழக்கு, 1971ல கலிஃபோர்னியா சுப்ரீம் கோர்ட் இது சமத்துவத்துக்கு விரோதம்னு சொல்லிருச்சு. அந்தத் தீர்ப்புக்கப்புறம் மாநிலமே பணத்தை வாங்கிப் பிரிச்சுக் கொடுக்கற பக்கம் நகர ஆரம்பிச்சுது. வில்லியம் ஃபிஷெல்னு ஒரு பொருளாதாரப் பேராசிரியர் இதுக்கும் ப்ராப் 13க்கும் முடிச்சுப் போடறாரு: என் வரி என் ஊர் ஸ்கூலுக்குப் போகாதுன்னா நான் ஏன் கட்டணும்னு பணக்கார ஊர்க்காரனும் 78ல யெஸ் போட்டுட்டான்னு. இதை ஒத்துக்காதவங்களும் இருக்காங்க. எனக்கு மனுஷ சுபாவம் தெரிஞ்ச வரைக்கும் நம்பற மாதிரித்தான் இருக்கு.

அதுக்கப்புறம் நாப்பது வருஷமா இந்த மாநிலம் பண்ணிட்டிருக்கறது ஒட்டுப்போடற வேலை. 84ல லாட்டரிய கொண்டு வந்தாங்க, "எங்க ஸ்கூல் ஜெயிக்குது"ன்னு விளம்பரம், இன்னிக்கும் பாதிப் பேர் ஸ்கூல் லாட்டரிப் பணத்துல நடக்குதுன்னு நம்பறாங்க, ஆனா ஸ்கூல் பட்ஜெட்ல அது நூத்துல ஒண்ணு ரெண்டுதான். 88ல ப்ராப் 98, மாநிலப் பொது நிதியில கிட்டத்தட்ட 40 சதவீதம் கல்விக்குன்னு உறுதி, அதுவும் மயிரிழையில ஜெயிச்சுது. 2012ல ப்ராப் 30, ரெண்டரை லட்சம் டாலருக்கு மேல சம்பாதிக்கறவங்களுக்குக் கூடுதல் வருமான வரி. அதை ஊர் ஊரா போய் கெஞ்சி ஜெயிக்க வெச்ச கவர்னர் ஜெர்ரி ப்ரௌன், 78ல ப்ராப் 13 வந்தப்ப கவர்னரா இருந்த அதே ஜெர்ரி ப்ரௌன். 78ல நாப்பது வயசு, 2012ல எழுபத்து நாலு. அன்னிக்கு விழுந்த ஓட்டையை அடைக்க அந்த மனுஷனே திரும்பி வந்தாருன்னு நினைச்சா எனக்கு அவர் மேல ஒரு பிரியம்.

2020 நவம்பர்ல ப்ராப் 15 வந்துது. என் அபிப்பிராயத்துல நான் இந்த நாட்டுல பாத்த வரைக்கும் இதுதான் ஒழுங்கான வரி. வீட்டைத் தொடல. 30 லட்சம் டாலருக்கு மேல மதிப்புள்ள வணிகச் சொத்து வெச்சிருக்கறவங்களுக்கு மட்டும் இன்னிக்கு மார்க்கெட் விலைக்கு வரி, வருஷத்துக்கு 650 கோடியில இருந்து 1,150 கோடி டாலர் வரைக்கும் வரும்னு மதிப்பீடு, அதுல 40 சதவீதம் ஸ்கூலுக்கும் கம்யூனிட்டி காலேஜுக்கும், மிச்சம் உள்ளூர் நிர்வாகங்களுக்கு. ஏன் ஒழுங்கான வரின்னு சொல்றேன்னா, வீட்டுக்காரன் என்னிக்காவது செத்துப் போவான், இல்ல வித்துட்டு டெக்சாஸ் போவான், அப்ப வீடு கை மாறும், மதிப்பு ஏறும். கம்பெனிக்கு சாவு கிடையாது. ஷேர் கை மாறலாம், ஆனா ஒரே ஆள் கையில பாதிக்கு மேல போகாத வரைக்கும் சட்டப்படி சொத்து கை மாறினதா கணக்கே இல்ல. அதனால எழுபதுகள்ல வாங்கின நிலத்துக்கு எழுபதுகள் மதிப்புல ரெண்டு ரெண்டு சதவீதம் கூட்டிக் கட்டிட்டே காலத்தை ஓட்டலாம்.

அங்கிள்கிட்ட இதைச் சொன்னேன். "இன்னிக்குக் கடை, நாளைக்கு வீடு"ன்னாரு. ஒரே வரி. எதிர்ப்புக்காரங்க கோடிக் கோடியா செலவு பண்ணி டிவியில சொன்னதும் இதேதான், அதோட சின்னக் கடைக்காரன் வாடகை ஏறும், விவசாயி பாதிக்கப்படுவான்னு. 52க்கு 48ன்னு தோத்துச்சு. இதுக்கு மூணுல ரெண்டு பங்குகூட வேண்டாம், பாதிக்கு ஒண்ணு கூட இருந்தா போதும், அப்படியும் போச்சு. அந்த ராத்திரி எல்லாரும் பைடன் டிரம்ப்னு மேப்பைப் பாத்துட்டு இருந்தாங்க, நான் ஒருத்தன் ப்ராப் 15 பாத்துட்டு இருந்தேன்.

இனி 168 டாலர் கதை.

2022ல எங்க டிஸ்ட்ரிக்ட்ல (பேரு வேண்டாம், இந்தப் பக்கம் இருக்கற பல டிஸ்ட்ரிக்ட்ல ஒண்ணு) பணம் பத்தல. கோவிடுக்கப்புறம் பிள்ளைங்க எண்ணிக்கை குறைஞ்சுது, தலைக்கு இவ்வளவுன்னுதான் மாநிலம் பணம் கொடுக்கும், தலை குறைஞ்சா பணம் குறையும். ஆனா கிளாஸுக்கு ரெண்டு பிள்ளை குறைஞ்சா டீச்சர் சம்பளத்துல ரெண்டு பங்கு குறைக்க முடியாது, கரென்ட் பில்லும் குறையாது. கவுன்சிலர், லைப்ரரி ஆளு, மியூசிக் டீச்சர் இவங்களை எடுக்கப் போறோம்னு மெயில் வந்துது. அப்புறம் பார்சல் டேக்ஸ் மெஷர், அதாவது உள்ளூர் மக்கள் ஓட்டுக்கு விடற தீர்மானம். வீட்டுக்கு வருஷம் 168 டாலர், எட்டு வருஷத்துக்கு, 65 வயசுக்கு மேலன்னா விலக்கு. வாக்குச்சீட்டுல கேள்வி 75 வார்த்தைக்குள்ள இருக்கணும்னு சட்டம், அந்த 75 வார்த்தையும் ஆளை வெச்சு சர்வே எடுத்து செதுக்கின வார்த்தைங்க: நல்ல ஆசிரியர்களைத் தக்கவைக்க, அறிவியல் கணிதம் வாசிப்பு, நிர்வாகிகள் சம்பளத்துக்குப் போகாது, கண்காணிப்புக் குழு உண்டு, பணம் முழுக்க உள்ளூர்லயே இருக்கும். எந்த ஊர் மெஷரை எடுத்தாலும் இதே பல்லவி.

எங்க ஸ்கூல்ல அப்பதான் புது மியூசிக் ஹால் திறந்திருந்தாங்க. மரத் தரை, மேல அலை அலையா எதிரொலி வராம இருக்கப் பலகை, அவ்வளவு அழகு. மியூசிக் டீச்சருக்கு வேலை போகப் போகுது. என் பொண்ணு கேட்டா, "அப்பா, ஹால் கட்ட காசு இருக்கு, மிஸ்ஸுக்குக் காசு இல்லையா?" இருக்கும்மா, ஆனா அது வேற காசு. கட்டடத்துக்கு பாண்ட், 2000ல ப்ராப் 39ன்னு ஒண்ணு வந்து அதுக்கு 55 சதவீதம் போதும்னு ஆக்கிட்டாங்க, அந்தப் பணத்துல ஒரு பைசா சம்பளத்துக்குத் தொடக்கூடாது. சம்பளத்துக்குன்னா பார்சல் டேக்ஸ், அதுக்கு 66.67. செவுத்துக்கு 55, செவுத்துக்குள்ள நிக்கற மனுஷிக்கு 67. அந்த மிஸ் ட்ரேசியில இருந்து வர்றவங்க. ஆல்டமான்ட் கணவாயத் தாண்டி, விடியக்காலை அஞ்சு மணிக்குக் கிளம்பி. இங்க வீடு எடுக்கற மாதிரியா இருக்கு வாடகை.

நான் வாலன்டியரா போனேன். தமிழ் ஆளுங்க வீட்டுக் கதவைத் தட்டறது என் வேலை, பாதி வீட்டுல "உள்ள வாங்க, காபி சாப்பிடுங்க"ன்னு உக்கார வெச்சுட்டு கடைசியில "நாங்க ஹெச்-1, ஓட்டு இல்ல"ன்னாங்க. இதுதான் நம்ம ஆளுங்க நிலைமை. ஸ்கூல் ரேட்டிங் பாத்து வீடு வாங்கறது நாம, அந்த விலைக்கு முழு வரி கட்டறது நாம, க்ரீன் கார்டு க்யூவுல பத்து பதினஞ்சு வருஷம் நிக்கறதும் நாம. என் ஃப்ரெண்ட் ஒருத்தன், திருச்சி, 2011ல இருந்து இங்க இருக்கான், மூணு பிள்ளையும் அதே ஸ்கூல். "மாப்ள, என் காசு 168 எடுத்துக்கறதுக்கு என்னைத் தவிர எல்லாரையும் கேக்கறாங்கடா"ன்னான். சான் ஃபிரான்சிஸ்கோவுல 2016ல ஓட்டுப் போட்டு, சிட்டிசன் இல்லாத பெத்தவங்களும் ஸ்கூல் போர்டு தேர்தல்ல ஓட்டுப் போடலாம்னு கொண்டு வந்தாங்க, அது போர்டுக்கு மட்டும், வரிக்கு இல்ல. எங்க ஊர்ல அதுவும் இல்ல.

எதிர்வீட்டுக் கதவையும் தட்டினேன். அங்கிள் கராஜ்ல உக்காந்து பழைய ரேடியோவைப் பிரிச்சுப் போட்டிருந்தாரு. நோட்டீஸை வாங்கி, கண்ணாடிய நெத்தியில இருந்து இறக்கி, முழுக்கப் படிச்சாரு. அவ்வளவு பொறுமையா அந்த நோட்டீஸைப் படிச்ச ஒரே ஆளு அவர்தான்.

"தம்பி, உங்களுக்கு 168. எனக்கு விலக்கு. சரி. முனையில அந்த ஷாப்பிங் சென்டர் இருக்கே, அதுக்கு எவ்வளவு?"

நான் சட்டுன்னு பதில் சொல்லல, ஏன்னா பதில் எனக்குத் தெரியும். "168தான் அங்கிள். ஒரு பார்சலுக்கு 168."

"அப்ப இது வரியா, கோயில் வரியா? தலைக்கட்டுக்கு இவ்வளவுன்னு?"

தலைக்கட்டு வரி! நாலு வருஷமா இந்த வரிக்கு நான் தேடிட்டு இருந்த வார்த்தைய அவர் ரேடியோவைத் திருகிட்டே சொல்லிட்டாரு. அதேதான் இது. ஊர்த் திருவிழாவுக்கு மிராசுதாரும் ஐநூறு கூலிக்காரரும் ஐநூறுன்னு வாங்கற மாதிரி. பக்கத்துல அலமீடா டிஸ்ட்ரிக்ட்ல வீட்டுக்கு ஒரு ரேட், வணிகச் சொத்துக்கு வேற ரேட்டுன்னு போட்டுப் பாத்தாங்க, 2012 கடைசியில அப்பீல் கோர்ட் அது செல்லாது, எல்லாருக்கும் ஒரே மாதிரித்தான் போடணும்னு சொல்லிருச்சு. கட்டடத்தோட சதுர அடிக்கு இவ்வளவுன்னு போடற டிஸ்ட்ரிக்ட் அதுக்கப்புறமும் இருக்கு, ஆனா எங்க ஆளுங்க சிம்பிளா இருந்தாத்தான் ஜெயிக்கும்னு ஃபிளாட்டா போட்டாங்க. அங்கிள்கிட்ட நான் கேட்டேன், "ப்ராப் 15க்கு நீங்க யெஸ் போட்டிருந்தா அந்த ஷாப்பிங் சென்டர் கட்டியிருக்குமே?" அவர் சிரிச்சாரு. சால்ஜாப்பு சிரிப்பு இல்ல, மாட்டிக்கிட்ட சிரிப்பு.

அப்புறம் அவர் அடுத்ததை எடுத்தாரு, அது இன்னும் கனமான கேள்வி. "பணம் டீச்சருக்குப் போகுமா, டீச்சர் பென்ஷனுக்குப் போகுமா?" இதுக்கு யெஸ் பக்க ஆளுங்க வழக்கமா மழுப்புவாங்க. 2014ல மாநிலம் ஒரு சட்டம் போட்டுது, டீச்சர் பென்ஷன் ஃபண்டுல பெரிய பள்ளம், அதை அடைக்க டிஸ்ட்ரிக்ட் கட்டற பங்கை சம்பளத்துல 8.25 சதவீதத்துல இருந்து படிப்படியா 19.1 வரைக்கும் ஏத்தணும்னு. நடுவுல மாநிலம் கொஞ்சம் கைகொடுத்துக் குறைச்சுது, ஆனாலும் ஏத்தம் ஏத்தம்தான். அதனால புதுசா வர்ற பணத்துல ஒரு பகுதி பழைய கடனுக்குத்தான் மறைமுகமா போகும். பார்சல் டேக்ஸ் பணம் நேரா பென்ஷனுக்குப் போகாதுன்னு நீங்க எழுதி வெச்சுக்கலாம், ஆனா அது மியூசிக் டீச்சருக்குப் போனா, மியூசிக் டீச்சருக்குப் போக வேண்டிய வேற பணம் பென்ஷனுக்குப் போகும். வலது பாக்கெட் இடது பாக்கெட். இதை நான் அங்கிள்கிட்ட ஒத்துக்கிட்டேன். "ஆனா அங்கிள், அந்த பென்ஷன் வாங்கறதும் உங்க வயசு ஆளுங்கதானே, உங்க பையனுக்குப் பாடம் எடுத்தவங்க"ன்னேன். அவர் ஸ்க்ரூ டிரைவரைக் கீழ வெச்சாரு. பையன் பேரை எடுத்தா அவர் கொஞ்சம் இளகிருவாரு, பையன் இதே ஸ்கூல்ல படிச்சு இப்ப ஆஸ்டின்ல இருக்கான்.

"யோசிக்கறேன் தம்பி"ன்னாரு. யோசிச்சு நோ போட்டாரு. என்கிட்ட மறைக்கவும் இல்ல.

இங்க ஒண்ணு சொல்லணும், எனக்கு எதிரா. பணக்கார டிஸ்ட்ரிக்ட்கள்ல பெத்தவங்க ஃபவுண்டேஷன்னு ஒண்ணு வெச்சு, பிள்ளைக்கு இவ்வளவு டாலர் கொடுங்கன்னு கேப்பாங்க, கம்பெனி மேட்சிங் வேற இருக்கும், செக் எழுதினா ரெண்டு மடங்கா போகும். நாங்களும் கொடுத்திருக்கோம். பால்ட்வின் பார்க்கும் பெவர்லி ஹில்ஸும் கதைய முன்பக்கக் கதவு வழியா வெளிய அனுப்பிட்டு பின்பக்கக் கதவு வழியா உள்ள கூப்பிட்டுக்கற வேலைதான் இது. பார்சல் டேக்ஸும் கிட்டத்தட்ட அதே கதவு. ஜெயிக்கற ஊருங்களைப் பாத்தீங்கன்னா பெரும்பாலும் ஏற்கனவே வசதியான ஊருங்கதான். அப்புறம் ஏன் கதவு தட்டப் போனேன்னு கேட்டா, நல்ல வரியப் போட விடல, இருக்கற ஒரே வரி இந்த தலைக்கட்டு வரிதான், மிஸ்ஸுக்கு ஜூன் மாசம் வேலை போகுது. அவ்வளவுதான் என் சித்தாந்தம்.

எண்ணிக்கை வாரக்கணக்குல போச்சு. இங்க எல்லாம் தபால் ஓட்டு, தேர்தல் அன்னிக்குத் தபால்ல போட்டாலும் செல்லும், கவுண்டி தினமும் சாயங்காலம் அஞ்சு மணிக்கு புது எண்ணிக்கை போடும். மொத ராத்திரி நூத்துக்கு அறுபத்து மூணு. நாங்க பத்துப் பேர் ஒரு வீட்டுல பீட்ஸாவோட உக்காந்திருந்தோம். வெளிய இருந்து யாராவது பாத்திருந்தா ஜெயிச்சவங்கன்னு நினைச்சிருப்பாங்க, மூணுல ரெண்டு பங்குக்கு கொஞ்சம்தான் குறைச்சல், லேட்டா வர்ற ஓட்டு நம்ம பக்கம்னு ஒருத்தர் எக்ஸெல் போட்டுக் காமிச்சாரு. அந்தக் கணக்கோட அர்த்தம் என்னன்னா ஒரு நோவை அடிக்க ரெண்டு யெஸ் வேணும். அங்கிளோட ஒரு ஓட்டு என் ஓட்டையும் என் மனைவி ஓட்டையும் சேத்துச் சாப்பிட்டுருச்சு. ரெண்டு வாரம் தினமும் அஞ்சு மணிக்கு ரெஃப்ரெஷ். அறுபத்து மூணரை. அறுபத்து நாலு. அங்கயே நின்னுருச்சு.

78ல ப்ராப் 13 ஜெயிச்சதே 65 சதவீதத்துக்குக் கொஞ்சம் கம்மியாத்தான். அது அடுத்தவங்களுக்கு வெச்ச பரீட்சைய அதுவே எழுதியிருந்தா ஃபெயில். இதை நான் பீட்ஸா தின்னுட்டே சொன்னேன், யாரும் சிரிக்கல.

மிஸ் அந்த ஜூன்ல போயிட்டாங்க. ட்ரேசியிலயே ஒரு ஸ்கூல்ல வேலை கிடைச்சுதாம், அவங்களுக்கு நல்லதுதான், மூணு மணி நேரம் மிச்சம். மியூசிக் ஹால்ல இப்ப பேரன்ட்ஸ் மீட்டிங் நடக்குது. எதிரொலியே இல்லாம அவ்வளவு தெளிவாக் கேக்குது, பட்ஜெட் கட் பத்தி பேசறது.

2023 வசந்தத்துல அங்கிள் ஒரு கவரோட வந்தாரு. பழைய பார்சல் டேக்ஸ் ஒண்ணு ஏற்கனவே ஓடிட்டு இருக்கு, அதுக்கான சீனியர் விலக்கு ஃபாரத்தை ஆன்லைன்ல புதுப்பிக்கணும், அவருக்கு சைட் ஒழுங்கா வரல. "தம்பி, நீங்கதான் இந்த மெஷர் விஷயம் எல்லாம் தெரிஞ்சவர்"ன்னாரு, கிண்டலா நிஜமாவான்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல. பார்சல் நம்பரைப் போட்டு, பிறந்த தேதியப் போட்டு, பேரனுக்கு வாங்கி வெச்சிருந்த மைசூர்பாக்குல ரெண்டு சாப்பிட்டுட்டு, ஃபாரத்தை நானே சப்மிட் பண்ணிக் கொடுத்தேன்.

அதே மாசம்தான் எங்க வலது பக்க வீடு வித்துது. 23 லட்சம் டாலர். ஹைதராபாத் தம்பதி, கைக்குழந்தை, ரெண்டு பேரும் நல்ல வேலை, கண்ணுக்குக் கீழ கருவளையம். 23 லட்சத்துக்கு ஒரு சதவீதம் எவ்வளவுன்னு உங்களுக்கே தெரியும். என்னோடது அந்த வருஷம் 10,700 சொச்சம். ஒரு நாள் வேலிக்கு அந்தப் பக்கம் இருந்து அந்தப் பையன் பில்லைப் பத்தி ஆரம்பிச்சான், சப்ளிமென்டல் பில்லுன்னு தனியா ஒண்ணு வேற வந்திருக்காம், அது எல்லாருக்கும் வருமான்னு கேட்டான். புதுசா வாங்கினவங்களுக்கு வரும்னு சொன்னேன். "உங்களுக்கு வருஷம் எவ்வளவு வருது அண்ணா?"ன்னான்.

"உங்களை விடக் கொஞ்சம் கம்மியா இருக்கும்"னேன்.

மறுநாள் காலையில குப்பைத் தொட்டிய உருட்டிட்டுப் போறேன், அவன் கார் எடுக்க வெளிய வந்தான். குட் மார்னிங்னு சொன்னேன். அவனும் சொன்னான். முந்தின ராத்திரி கவுண்டி சைட்டைப் பாத்திருப்பான் போல.